மகப்பேற்றில் மாண்டவள்: மலாய்த் திரையின் பொந்தியானாக்கும் தமிழ்ப் பேய்மகளிரும்

முன்னுரை

அக்டோபர் மாதம் பிறந்ததும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் இருவகை அலங்காரங்கள் அருகருகே தோன்றுகின்றன. ஒருபுறம் அரிசிக் கோலமும் குத்துவிளக்கும். மறுபுறம் பரங்கிக்காய் முகமும் கூர்நுனித் தொப்பியணிந்த சூனியக்காரியின் உருவமும். முன்னது தீபாவளிக்கு உரியது. பின்னது அக்டோபர் 31ஆம் நாள் மேலைநாட்டார் கொண்டாடும் ஹாலோவீனுக்கு உரியது. 2024ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒரே நாளில் அமைந்தன. ஹாலோவீனை ஒட்டிச் சூனியக்காரிகளும் பேய்களும் இடம்பெறும் திரைப்படங்களைத் தேடிப் பார்ப்பது நம் இளைஞரிடையே பரவிவரும் வழக்கமாகும். தமிழ் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர்.

இவ்வழக்கத்தை வேற்றுப் பண்பாட்டின் திணிப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் நாட்காட்டியைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். தமிழர் தீபாவளியைக் கொண்டாடும் நரக சதுர்த்தசியே வங்காளத்தில் பூத சதுர்த்தசி எனப்படுகிறது. அன்று மாலை வங்காளத்தார் மறைந்த முன்னோரை நினைந்தும் தீய ஆவிகளை விலக்கவும் பதினான்கு விளக்குகள் ஏற்றுவர். மலேசியத் தமிழர் இல்லங்களில் தீபாவளிக்கு முன்னர் மறைந்தோருக்குப் படையல் இடும் வழக்கம் இன்றும் உண்டு. எனவே இப்பருவம் இறந்தோரை நினைக்கும் பருவம் என்பது நமக்குப் புதியதன்று. அப்பருவத்தில் எந்தப் பேயைப் பற்றி நம் மாணவர் அறிந்துகொள்கின்றனர் என்பதே கேள்வியாகும்.

மலாயாத் திரையுலகின் புகழ்பெற்ற பேய்மகளாகிய பொந்தியானாக்கை முதன்முதல் திரைக்குக் கொணர்ந்தவர் தமிழ்ப் படங்களை இயக்கிப் பழகிய ஓர் இந்திய இயக்குநர். அப்பேய்மகளின் கதை, மகப்பேற்றில் உயிர்நீத்த பெண்ணைப் பற்றிய அச்சத்திலும் துயரத்திலும் வேர்கொண்டது. அதே துயரத்திற்குத் தமிழர் தம் மரபில் வேறுவகை வடிவங்களைக் கொடுத்துள்ளனர். இவ்விரு மரபுகளையும் ஒருங்கு வைத்து நோக்கி, இப்பருவத்தில் பார்ப்பதற்கும் வகுப்பறையில் உரையாடுவதற்கும் உரிய சில திரைப்படங்களைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூனியக்காரியும் பேய்மகளும்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஐரோப்பிய மரபின் சூனியக்காரி உயிரோடிருக்கும் ஒரு பெண். தீய ஆற்றலோடு உடன்படிக்கை செய்துகொண்டவள் என்று அண்டை அயலாரால் குற்றஞ்சாட்டப்பட்டவள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் நடந்த சூனிய வழக்குகளும், 1692இல் அமெரிக்காவின் சேலம் நகரில் நடந்த விசாரணையும் இவ்வகைக் குற்றச்சாட்டின் விளைவுகளே. ஹாலோவீன் படங்களில் துடைப்பத்தின்மீது பறக்கும் கிழவி இவ்வரலாற்றின் எஞ்சிய நிழலாவாள்.

தமிழில் ‘சூனியக்காரி’ என்னும் சொல் இப்பொருளுக்கு அணுக்கமானது. ‘சூனியம்’ என்பது வெறுமை எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. பிறரைக் கெடுக்கச் செய்யும் மந்திரச் செயலைப் பிற்காலத்தில் குறிக்கலாயிற்று. ஆனால் தமிழ் இலக்கியத்தில் பேரிடம் பெறுபவள் சூனியக்காரி அல்லள், பேய்மகளே. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் பேய்மகளிர் ஆடுகின்றனர். பரணி நூல்களில் கூழ் அடுகின்றனர். புறநானூற்றுப் புலவர் ஒருவர் பேய்மகள் இளவெயினி என்றே பெயர் பெற்றுள்ளார். கூளி, கழுது, அலகை என்று பேயைச் சுட்டும் பழஞ்சொற்கள் பலவாகும்.

மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. மந்திரம் செய்யும் மனிதரைப் போமோ, பாவாங், டுக்குன் என்று அழைப்பர். ஆவியினத்தை ஹந்து என்பர். மந்திரத்தைக் குறிக்கும் ‘மந்தெரா’, பூதத்தைக் குறிக்கும் ‘போத்தா’ ஆகிய சொற்கள் இந்திய மொழித் தொடர்பால் மலாயில் புகுந்தவை. ஆகவே இரு மொழியினரும் பேய்களைப் பற்றி நெடுங்காலமாக ஒருவருக்கொருவர் சொல்லியும் கேட்டும் வந்துள்ளனர் எனலாம். இதற்கு ஓர் எழுத்துச் சான்றும் உண்டு. தமிழ், அரபு மரபுவழி வந்தவரும் தமிழ் கற்றவருமான மலாக்கா முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சேறிய தம் தன்வரலாற்றில், மலாய்க்காரர் நம்பும் பேய்களைப் பற்றிச் சமயப் பணியாளர் மில்னுக்கு விளக்கியதைப் பதிவு செய்துள்ளார். அவற்றுள் பொந்தியானாக்கும் ஒன்று.

சிலாங்கூர்க் கரையோரத்தில் ஒரு நம்பிக்கை

பொந்தியானாக்கைப் பற்றிய விரிவான தொடக்ககாலக் குறிப்புகளுள் ஒன்று நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்து, கோலலங்காட் பகுதியில் பணியாற்றிய வால்டர் வில்லியம் ஸ்கீட் 1900இல் மலாய்க்காரரின் மந்திர நம்பிக்கைகளைப் பற்றிய தம் பெருநூலை இலண்டனில் வெளியிட்டார். அதில் அவர் இருவகை ஆவிகளைப் பிரித்துக் காட்டுகிறார். பிள்ளை இறந்து பிறந்த அதிர்ச்சியில் உயிர்நீத்த தாய் ‘லங்சுயிர்’ ஆகிறாள். இறந்து பிறந்த அப்பிள்ளையே பொந்தியானாக் ஆகிறது. பிற்காலத்து மக்கள் வழக்கிலும் திரைப்படத்திலும் தாய்க்குரிய இயல்புகள் பொந்தியானாக் என்னும் பெயருக்கே வந்து சேர்ந்தன.

தாய் ஆவியாகாமல் தடுக்கும் முறைகளையும் ஸ்கீட் தருகிறார். இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகள் இடுவர். அக்குள்களில் முட்டை வைப்பர். உள்ளங்கைகளில் ஊசி பாய்ச்சுவர். வாய்திறந்து அலறாமலும், கை விரித்துப் பறக்காமலும் இருக்க இவை செய்யப்பட்டன. ஆவியாகிவிட்டவளையும் மீட்க வழியுண்டு. அவளுடைய நீண்ட நகங்களையும் கூந்தலையும் கத்தரித்து, பிடரியில் உள்ள துளையை அவற்றால் அடைத்துவிட்டால் அவள் இயல்பான பெண்ணாகி, மனைவியாகவும் தாயாகவும் ஆண்டுக்கணக்கில் வாழக்கூடும். பின்னர் ஊர்க் கொண்டாட்டம் ஒன்றில் ஆட நேரும்போது பழைய உருப்பெற்று இருண்ட காட்டுக்குள் பறந்துவிடுவாள். பிடரியில் ஆணி அடித்தால் பொந்தியானாக் பெண்ணாவாள் என்று இன்று பலரும் அறிந்த செய்தி இந்நம்பிக்கையோடு நெருங்கியது.

இதனை ஒத்த கதை கேரளத்திலும் உண்டு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதீகமாலையில், கடமற்றத்துக் கத்தனார் ஒரு யட்சியின் தலையில் இரும்பாணி அறைந்து அவளைப் பணிப்பெண்ணாக்குகிறார். மூதாட்டி ஒருத்தி அவள் கூந்தலை ஒப்பனை செய்கையில் ஆணியைக் கண்டு பிடுங்கவே, அவள் மீண்டும் யட்சியாகிறாள். இவ்விரு கதைகளுள் எது எதனிடமிருந்து பெற்றது என்று முடிவுகட்ட இயலாது. வணிகக் கடலின் இருகரையிலும் ஒரே கற்பனை வழங்கியது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இந்நம்பிக்கை ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? போர்ட் கிள்ளானின் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் சதுப்பு நிலத்தில் இத்துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரையும் குடும்பங்களையும் வீழ்த்தியது. மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் துறைமுகத்திலும் வடிகால் வெட்டி நோயைக் கட்டுப்படுத்தியது மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற செயலாகும். மலேரியா கருவுற்ற பெண்களை மிகுதியாகத் தாக்கும்; குருதிச் சோகையையும் கருச்சிதைவையும் விளைவிக்கும். நாடு விடுதலை பெற்ற 1957இல்கூட ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 2000ஆம் ஆண்டுக்குள் இவ்வெண் 30க்கும் கீழே இறங்கியது. பயிற்சிபெற்ற மருத்துவச்சிகளும் ஊர்ப்புற மருத்துவ நிலையங்களும் பெருகியது இதற்குரிய முதன்மைக் காரணங்களாகும். பொந்தியானாக் திரைக்கு வந்த ஆண்டும் 1957 என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று அரங்கில் அமர்ந்திருந்தோருள் பலர் மகப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணையேனும் அறிந்திருப்பர். அவர்களுக்கு இது தொலைதூரக் கற்பனையாக இருந்திருக்க இயலாது.

சுமைதாங்கியும் பெரியாச்சியும்

தமிழகத்து ஊர்ப்புறச் சாலைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பைக் காணலாம். அதுவே சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்போர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாற அது உதவும். கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்த பெண்ணின் நினைவாகவே அதை அமைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க இயலாத சுமையை வழிப்போக்கர் இறக்கிவைத்தால் அவள் ஆவி அமைதியுறும் என்பது நம்பிக்கை. அச்சத்தை அறமாக மாற்றிய இவ்வழக்கம் தமிழர் பண்பாட்டின் நுட்பமான கூறுகளுள் ஒன்றாகும்.

கடல்கடந்து வந்த தமிழர் மலாயாவில் சுமைதாங்கிகளைப் பரவலாக அமைத்தாரல்லர். ஆனால் மகப்பேற்று அச்சத்திற்குரிய தெய்வத்தைத் தம்மோடு கொணர்ந்தனர். பெரியாச்சி அல்லது பேச்சியம்மன் எனப்படும் இத்தெய்வத்தின் உருவம் முதன்முறை காண்போரைத் திடுக்கிட வைக்கும். காலடியில் ஓர் அரசன்; மடியில் வயிறு கிழிக்கப்பட்ட அரசி; உயர்த்திய கையில் பச்சிளங் குழந்தை. கொடுங்கோலன் ஒருவனுக்குப் பிறக்கும் குழந்தை நிலத்தில் படலாகாது என்றிருந்த நிலையில், மருத்துவச்சியாக வந்தவள் அதைக் கையில் ஏந்தித் தன்னைத் துன்புறுத்த முனைந்தோரை அழித்தாள் என்பது மரபுக் கதை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைபெற்ற தாய்மார் ஒரு மாதத் தீட்டுக் கழிந்ததும் குழந்தையோடு பெரியாச்சி சந்நிதிக்கு வந்து வழிபடுவர்.

உருவத்தை மட்டும் நோக்கினால் பெரியாச்சிக்கும் பொந்தியானாக்குக்கும் வேறுபாடு மிகுதியன்று. இருவரும் குருதியோடும் குழந்தையோடும் தொடர்புற்றவர். இருவரும் அச்சம் தருபவர். ஒருத்தியை விலக்க மலாய்க்காரர் ஆணியைத் தேடினர். மற்றொருத்தியை மனங்குளிர்விக்கத் தமிழர் படையலிட்டனர். தோட்டத்து வரிசைவீடுகளில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளோ இரண்டையும் கேட்டே வளர்ந்தனர். போர்ட் கிள்ளானில் வளர்ந்த இக்கட்டுரையாளருக்கும், இரவில் வாழைமரத்தடிக்குப் போகாதே, பூமணம் வீசினால் திரும்பிப் பார்க்காதே என்ற எச்சரிக்கைகளும், பெரியாச்சிக்குப் பொங்கலிட்ட நினைவும் ஒரே வயதுக்கு உரியவை.

திரையில் பொந்தியானாக்

மலாய்த் திரைப்படத்தின் தொடக்கம் இந்தியக் கலைஞரோடு பிணைந்தது என்பது ஆய்வாளர் அறிந்ததே. 1933இல் உருவான ‘லைலா மஜ்னுன்’ படத்தை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். போருக்குப் பின்னர் சிங்கப்பூரில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்திற்கு இந்திய இயக்குநர் பலர் வரவழைக்கப்பட்டனர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ படத்தின் வாயிலாக பி. ரம்லிக்கு முதன்முதல் கதைத்தலைவன் வேடம் அளித்தார்.

இவ்வரிசையில் வந்தவர் பி. என். ராவ். தமிழில் 1939இல் ‘ரம்பையின் காதல்’, 1941இல் ‘மதனகாமராஜன்’, 1945இல் ‘சாலிவாகனன்’ முதலிய படங்களை இயக்கியவர். வானுலக மங்கையும் மாயமும் சாபமும் நிறைந்த கதைகளைத் திரையில் சொல்லும் பயிற்சி அவருக்குச் சிங்கப்பூர் வருமுன்னரே இருந்தது. 1953இல் ரம்லி நடித்த ‘ஹூஜான் பானாஸ்’ படத்தை ஷா நிறுவனத்திற்காக இயக்கிய ராவ், பின்னர் கேத்தே–கெரிஸ் நிறுவனத்திற்கு மாறினார். கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் இணைந்து 1953இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்குதான் 1957 ஏப்ரல் இறுதியில் வெளிவந்த ‘பொந்தியானாக்’ உருவாயிற்று. கதையை அப்துல் ரசாக் எழுதினார். கதைத்தலைவியாக மரியா மெனாடோ நடித்தார்.

கதையின் அமைப்பு கருதத்தக்கது. முதுகு கூனிய, அழகற்ற பெண் ஒருத்தி. அவள் பெயர் கொமேல். மலாயில் அச்சொல்லுக்கு அழகானவள் என்பது பொருள். தன்னை வளர்த்த முதியவரின் மந்திர நூலால் அவள் பேரழகியாகிறாள். ஆனால் குருதியைச் சுவைக்கலாகாது என்னும் தடை உண்டு. அவள் மணம் செய்துகொண்டு ஒரு மகளைப் பெறுகிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சும்படி கணவன் வேண்ட, அவள் இணங்குகிறாள். குருதி நாவில் பட்டதும் பொந்தியானாக் ஆகிறாள்.

நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து படம் விலகும் இடம் இதுவே. கொமேல் மகப்பேற்றில் இறக்கவில்லை. தீமை செய்ய விரும்பவுமில்லை. கணவன் உயிரைக் காக்க முனைந்த செயலே அவளைப் பேயாக்குகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இது பழகிய அமைப்பு. கணவன் உயிருக்காகத் தன்னை ஈடுவைக்கும் மனைவி நம் புராணப் படங்களின் மையப் பாத்திரமாவாள். புராணப் படத்தில் அவளுக்குத் தெய்வம் துணைவரும்; மலாய்ப் படத்தில் அவள் தனித்துக் காட்டுக்குள் போகிறாள். படம் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ ஆகிய தொடர்ச்சிகளையும் ராவே இயக்கினார். ‘டெண்டாம்’ என்பது பழிவாங்கலையும் ‘சும்பா’ என்பது சாபத்தையும் குறிக்கும். மூன்றாம் படத்தில் மகள் மரியாவைக் காப்பதற்காகவே கொமேல் மீண்டும் வருகிறாள். அச்சுறுத்தும் பேய் இங்குத் தாயாக நிலைபெறுகிறது.

பிற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. ஷா நிறுவனத்திற்காகப் பிலிப்பைன்சைச் சேர்ந்த ரமோன் எஸ்தெல்லா 1958இல் ‘அனாக் பொந்தியானாக்’ படத்தை இயக்கினார். அதே ஆண்டில் ‘ஓராங் மின்யாக்’ என்னும் எண்ணெய் மனிதனைப் பற்றிய படங்களை எல். கிருஷ்ணனும் பி. ரம்லியும் தனித்தனியே இயக்கினர். 1964இல் ராவ் ‘பொந்தியானாக் குவா மூசாங்’ படத்தோடு மீண்டும் இப்பொருளுக்குத் திரும்பினார்.

ஈண்டு ஒரு பேரிழப்பைக் குறிப்பிடுதல் வேண்டும். முதலிரு பொந்தியானாக் படங்களின் படச்சுருள்கள் இன்று எங்கும் கிடைக்கவில்லை, மூன்றாவதே எஞ்சியுள்ளது. முதற்படத்தை நாம் கதைச்சுருக்கங்கள், நிழற்படங்கள், பார்த்தோரின் நினைவுகள் ஆகியவற்றால் மட்டுமே அறிகிறோம். அரங்கிலும் திறந்தவெளித் திரையிலும் அதைப் பார்த்த தலைமுறை இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டது. அவர்களுள் தமிழரும் அடங்குவர். அவர்தம் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.

திருவாலங்காட்டுப் பேய்கள்

கொமேலின் கதையை அறிந்தபின் காரைக்காலம்மையார் வரலாற்றை நோக்கினால் அதன் தனித்தன்மை மேலும் விளங்கும். கொமேல் அழகின்மையிலிருந்து அழகுக்கு வந்து, பின்னர்ப் பேயாகிறாள். புனிதவதியோ கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என்று தானே பேயுருவை வேண்டிப் பெறுகிறார். கணவன் அவரைத் தெய்வமெனக் கருதி அஞ்சி அகன்றதே இதற்குக் காரணமாயிற்று. கயிலையில் தலையால் நடந்துவந்த அப்பேயுருவை இறைவன் ‘அம்மை’ என விளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. தம்மைப் பேய் என்றே பாடல்களில் குறித்துக்கொண்ட ஒரு பெண், தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் முன்னோடியாகத் திகழ்கிறார். ஏ. பி. நாகராசன் 1973இல் இயக்கிய ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும் முதிய அம்மையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். அதைப் பேய்ப்படம் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. பேயுரு தாங்கிய பெண்ணைப் பற்றிய படம் என்னும் நோக்கில் பார்த்தால் அது புதிய பொருள் தரும்.

அம்மையார் நிலைபெற்ற திருவாலங்காட்டை அடுத்தே பழையனூர் உள்ளது. அவ்வூரோடு பிணைந்தவள் நீலி. கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறப்பில் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி நானே என்று ஊரவை முன் வழக்குரைத்துப் பழிதீர்த்தாள். அவளை நம்பி வாக்களித்த வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர் என்பது மரபு. இங்கும் பேயின் கையில் குழந்தை இருப்பதைக் காண்க. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இக்கதைக்கு வேறொரு முடிவு தந்தது. சமண முனிவரை அச்சுறுத்த வந்த நீலி அவரிடம் அறங்கேட்டு, பிற சமயத்தாரோடு சொற்போர் புரியும் அறிஞையாகிறாள். பேய்மகளைத் தருக்க நூலாசிரியராக்கிய துணிவு வியப்பிற்குரியது.

தென்குமரிப் பகுதியில் வழங்கும் கள்ளியங்காட்டு நீலி கதை 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படத்திற்கு அடிப்படையாயிற்று. டொமினிக் அருண் இயக்கிய அப்படத்தில் நீலி மனிதரைக் காக்கும் வீராங்கனையாக வருகிறாள். பழைய கதையொன்று புதிய தலைமுறைக்கு ஏற்ற உருப்பெறும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

ஆடல்மகளிர் இருவரும் பிறரும்

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஓராண்டு இடைவெளியில் இரு படங்கள் வந்தன. 2004இல் ஷுஹைமி பாபா இயக்கிய ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’, நெடுங்காலம் பேய்ப்படங்கள் அருகியிருந்த மலேசியத் திரையில் அவ்வகையை மீண்டும் உயிர்ப்பித்தது. மாயா கரின் ஏற்ற மெரியம் என்னும் பாத்திரம் கமலான் இசைக்கு ஆடும் நடனமாது. அவள்மீது ஆசைகொண்டவனின் பகையால், கருவுற்றிருக்கையில் கொல்லப்பட்டுப் பொந்தியானாக் ஆகிறாள். படத்தின் பெயரில் உள்ள ‘சுண்டால் மாலாம்’ நிலசம்பங்கி மலரைக் குறிக்கும். ‘சுண்டால்’ என்ற சொல் தனித்து வரும்போது பெண்ணை இழித்துரைக்கும் வசையுமாகும். ஒரே சொல்லில் மணமும் பழியும் அடங்கியிருப்பது அப்பாத்திரத்தின் நிலையையே உணர்த்துகிறது.

2005 ஏப்ரல் 14ஆம் நாள் வெளிவந்த பி. வாசுவின் ‘சந்திரமுகி’ மலேசியத் தமிழர் நன்கறிந்த படம். பாசில் 1993இல் மலையாளத்தில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ இதன் மூலம். இதிலும் பேயாகக் கருதப்படுபவள் ஒரு நடனமாது. அதிகாரம் படைத்தவனின் ஆசையால் தன் காதலனையும் உயிரையும் இழந்தவள். மலாய்ப் படம் அவளை உண்மையான ஆவியாகவே காட்டுகிறது. தமிழ்ப் படமோ கங்கா என்னும் பெண்ணின் மனப்பிளவாக விளக்குகிறது. எனினும் தீர்வு இரட்டை நிலையில் நிற்கிறது: மனநோய் என்று மருத்துவர் கூறினாலும், சந்திரமுகி தன் பகைவனைக் கொன்றதாக நம்பவைத்தே கங்கா மீட்கப்படுகிறாள். கொல்லப்பட்டவளுக்கு நீதி கிடைத்தாலன்றிக் கதை முடிவதில்லை.

மிஷ்கின் இயக்கிய ‘பிசாசு’ (2014) இவ்வரிசையில் மென்மையானது. விபத்தில் இறக்கும் பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற முயன்ற இசைக்கலைஞனின் வீட்டிற்கு வந்து அவனுக்குத் துணைநிற்கிறது. பேயைச் சுமைதாங்கியாக்கிய மரபின் நீட்சியாக இதைக் கொள்ளலாம்.

உயிரோடிருக்கும் சூனியக்காரியைப் பற்றிய படம் வேண்டுவோர் டேன் சைட் இயக்கிய ‘டுக்குன்’ படத்தைப் பார்க்கலாம். 2006இல் படமாக்கப்பட்ட அது 2018இலேயே திரைக்கு வந்தது. உமி ஐடா ஏற்ற மந்திரக்காரி வேடம், மக்களின் பேராசையே சூனியத்தின் வாடிக்கையாளர் என்பதை உணர்த்துகிறது. உள்ளடக்கம் கடுமையானது, பள்ளி மாணவருக்கு உகந்ததன்று.

வகுப்பறையில் பயன்படுத்தும் முறை

ஆசிரியர்கள் இப்படங்களை எவ்வரிசையில் அணுகலாம் என்பதைச் சுருங்கக் கூறுதல் பயனுடைத்து. முதலில் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தின் இறுதிப் பகுதியைக் காட்டி, பேயுரு என்பது தமிழில் எப்போதும் இழிவன்று என்பதை நிறுவலாம். அடுத்துச் ‘சும்பா பொந்தியானாக்’ படத்தின் தேர்ந்த காட்சிகளைக் காட்டி, கொமேல் எவ்வாறு தாயாகச் செயற்படுகிறாள் என்று கேட்கலாம். மூன்றாவதாகச் ‘சந்திரமுகி’. மாணவர் மனப்பாடமாக அறிந்த அப்படத்தை, நீலியின் வழக்கோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். மேனிலை மாணவர் ‘ஹாரும் சுண்டால் மாலாம்’ படத்தையும் சேர்த்து ஒப்பாய்வு செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, வயதிற்கேற்ற தேர்வு. மற்றொன்று, இன நல்லுறவு. பொந்தியானாக்கை மலாய்க்காரரின் மூடநம்பிக்கை என்றும் பெரியாச்சியைத் தமிழரின் பக்தி என்றும் பிரித்துக் கற்பித்தல் பெரும்பிழையாகும். இரண்டும் ஒரே துயரத்திற்கு மக்கள் தந்த விடைகள்.

படம் பார்த்தபின் ஒரு களப்பணியும் தரலாம். மாணவர் தம் பாட்டியிடமோ அண்டை வீட்டு மலாய், சீன முதியோரிடமோ, மகப்பேற்றுக் காலத்தில் கடைப்பிடித்த கட்டுப்பாடுகளையும் கேட்ட பேய்க்கதைகளையும் கேட்டு எழுதிவரலாம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட கிள்ளான் வட்டாரத்தில் இக்கதைகள் இடமிழந்து வருகின்றன. வாழைத்தோப்பு இல்லாத அடுக்ககத்தில் வளரும் பிள்ளைக்குப் பொந்தியானாக் திரையில் மட்டுமே எஞ்சுகிறாள். பெரியாச்சியின் கதையோ திரையிலும் அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஐரோப்பியச் சூனியக்காரி குற்றஞ்சாட்டப்பட்ட பெண். தமிழ், மலாய் மரபுகளின் பேய்மகள் துன்புற்று இறந்த பெண். அவளைப் பற்றிய கதையில் அச்சத்தினும் இரக்கமே அடிப்படை. இரண்டாவது, மலாய்த் திரையில் அவளுக்கு உருக்கொடுத்த பணியில் தமிழ்த் திரைப்படத்தில் பயின்ற இயக்குநருக்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியத் தமிழர் இதைத் தம் கலை வரலாற்றின் பகுதியாகவும் கொள்ளலாம். மூன்றாவது, முதலிரு படங்களை இழந்தது போல வாய்மொழிக் கதைகளையும் இழக்கும் நிலையில் நாம் இருக்கிறோம்.

கொமேலின் முதற்படத்தை இனி நாம் பார்க்க இயலாமற் போகலாம். ஆனால் அதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இவ்வாண்டுத் தீபாவளிப் படையலுக்கு முன்னர் மாணவர் அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்பாராயின், அதுவே இப்பருவத்திற்குப் பொருத்தமான தொடக்கமாகும்.